மலாக்கா: கோட்டை கைக்கு வந்தது, வாணிபம் வரவில்லை

இன்றைய மலேசியாவின் மேற்குக் கரையிலுள்ள மலாக்காவைச் சுற்றியிருந்த மண்ணில் ஊருக்குப் போதுமான நெல் ஒருநாளும் விளைந்ததில்லை. அரிசி சாவகத்திலிருந்தும் சயாமிலிருந்தும் பர்மாவின் பெகுவிலிருந்தும் கப்பலேறி வந்தது. கிராம்பு மலுக்குத் தீவுகளுடையது, ஜாதிக்காய் பாண்டாத் தீவுகளுடையது, சந்தனம் தீமோருடையது. துணி குஜராத்திலும் சோழமண்டலக் கரையிலும் நெய்யப்பட்டது. பட்டும் பீங்கானும் சீனத்துச் சரக்கு. தன் பொருள் என்று மலாக்கா எடுத்துக் காட்டக்கூடியவை கொஞ்சம் வெள்ளீயமும் காட்டுக் குங்கிலியமும்தான். எதுவும் விளையாத அப்படிப்பட்ட ஊர் 15ஆம் நூற்றாண்டில் ஆசியாவின் பெரிய சந்தைகளில் ஒன்றாக எப்படி எழுந்தது? இதற்கு விடை தெரிந்துகொண்டு போகிறவருக்கு, இன்று அங்கே நிற்கும் உடைந்த கோட்டைவாசலும் சிவப்புக் கட்டடமும் பிள்ளையார் கோயிலும் தனித்தனிக் காட்சிகளாகத் தெரியாது.

காரணம் காற்று. பாய்மரக் காலத்தில் இந்தியாவிலிருந்து கிழக்கே வரும் கப்பலுக்குத் தென்மேற்குக் காற்று வேண்டும், சீனத்திலிருந்து தெற்கே இறங்கும் கப்பலுக்கு வடகிழக்குக் காற்று வேண்டும். இரண்டும் ஆண்டின் இருவேறு பருவங்களில் வீசுபவை. நாகப்பட்டினத்தில் பாய் விரித்த வணிகர் ஒரே மூச்சில் சீனத்துக்குப் போய்ச் சேர முடியாது. நடுவில் எங்காவது இறங்கி, காற்று திரும்பும்வரை மாதக்கணக்கில் தங்கியாக வேண்டும். அந்த இடத்தைப் பிடிப்பதில்தான் மலாக்கா நீரிணையின் இருகரைத் துறைமுகங்களுக்கும் நூற்றாண்டுக்கணக்கில் போட்டி. ஸ்ரீவிஜயத்தின் பலெம்பாங் ஒரு காலத்தில் அதைப் பிடித்து வைத்திருந்தது. 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை போய் அடித்த கடாரமும் அதே வரிசையில் வந்த ஊர்தான். மலாக்காவுக்கு வாய்த்தவை மூன்று: எதிரே சுமத்ரா தீவு படுத்திருந்ததால் பெருங்கடலின் சீற்றம் எட்டவில்லை, கப்பல் அணையத் தோதான ஆற்றுமுகம் இருந்தது, ஆற்றின் ஓரத்திலேயே காவலுக்கு ஒரு குன்றும் இருந்தது.

ஊரை உண்டாக்கியவன் பரமேசுவரன் என்ற பலெம்பாங் இளவரசன். சிங்கப்பூர்த் தீவில் கொஞ்ச காலம் ஆண்டு, அங்கிருந்தும் விரட்டப்பட்டு, 1400ஐ ஒட்டிய ஆண்டுகளில் இந்த ஆற்றுமுகத்துக்கு வந்தான். வேட்டைக்குப் போனபோது ஒரு சிறு சருகுமான் அவனுடைய நாயை ஆற்றுக்குள் உதைத்துத் தள்ளியதாம். எளியது வலியதை வெல்லும் மண் இது என்று வியந்து, தான் சாய்ந்து நின்ற மரத்தின் பெயரையே ஊருக்கு வைத்தானாம். அந்த மரம் வேறொன்றும் இல்லை, நம்முடைய நெல்லிதான். ஓடிவந்த அரசன் எவனும் தன் தோல்வியைச் சொல்லிக்கொள்ள விரும்புவதில்லை. அதனால் இந்த மானை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கிறேன். அரண்மனைக் கவிராயர்களுக்கு இப்படி ஒரு மான் எப்போதும் கைவசம் இருக்கும்.

பரமேசுவரனின் உண்மையான சாமர்த்தியம் வேறிடத்தில் இருந்தது. வடக்கே சயாம் கப்பம் கேட்டு நெருக்கியது. 1403இல் மிங் பேரரசரின் தூதர் வந்து சேர்ந்ததும் அந்த வாய்ப்பை அவன் விடவில்லை. 1411இல் தானே பரிவாரத்தோடு சீன அரசவைக்குப் போய் வணங்கிவந்தான். அட்மிரல் செங் ஹேயின் பெருங்கப்பல் படைகள் மலாக்காவைத் தங்குதுறையாக்கிக்கொண்டன. கூடவே வந்த மா ஹுவான் எழுதி வைத்திருப்பது சுவையானது: மரவேலி கட்டி, நான்கு வாசல் வைத்து, உள்ளே கிடங்குகள் அமைத்து, பல நாடுகளுக்குப் பிரிந்துபோன கப்பல்களெல்லாம் இங்கே திரும்பிக் கூடுமாம். பிறகு சரக்கைக் கட்டி ஏற்றிவிட்டு, ஐந்தாம் மாதத்தின் நடுவில் தெற்குக் காற்று நிலைக்கும்வரை காத்திருக்குமாம். (இதே செங் ஹே இலங்கையின் காலியில் வைக்கச் செய்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகளில் இருக்கிறது. அன்றைய இந்துமாக்கடலில் யார் யாருக்கெல்லாம் செய்தி சொல்ல வேண்டியிருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி இல்லை.)

வணிகர் காத்திருக்க வேண்டும் என்றால் அவருக்குப் பாதுகாப்பு வேண்டும், நியாயம் கிடைக்க வேண்டும், வரி எவ்வளவு என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். மலாக்கா சுல்தான்கள் விற்றது இதைத்தான். ஷாபந்தர் என்ற துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தார்கள். ஒருவர் குஜராத்திகளுக்கு, ஒருவர் சோழமண்டலம், வங்காளம், பெகு, சுமத்ராவின் பாசை வணிகர்களுக்கு, ஒருவர் சாவகம் முதலான கீழைத்தீவுக்காரர்களுக்கு, ஒருவர் சீனர், சம்பாக்காரர், ரியூக்யூக்காரர்களுக்கு. தத்தம் ஆட்களுக்குக் கிடங்கு பிடித்துக் கொடுப்பது, அரசவைக்கு அழைத்துப் போவது, வழக்கைத் தீர்ப்பது எல்லாம் இவர்கள் வேலை. மேற்கிலிருந்து வந்த சரக்குக்கு நூற்றுக்கு ஆறு தீர்வை. கிழக்கிலிருந்து வந்தவர்கள் தீர்வைக்குப் பதிலாகக் காணிக்கை கொடுத்தால் போதும். கடலில் கப்பல் தலைவனுக்கு என்ன அதிகாரம், கடன் பட்டவனை என்ன செய்யலாம் என்பதற்கெல்லாம் எழுதப்பட்ட சட்டம் இருந்தது. போர்த்துகீசியர் பிடித்த மறு ஆண்டே அங்கே வேலைக்கு வந்த தோமே பிரேஸ் என்ற மருந்துக் கணக்கர், ஊரில் 84 மொழிகள் பேசப்பட்டதாகக் குறித்து வைத்தார். எண்ணில் கொஞ்சம் கூடக்குறைய இருக்கலாம். ஆனால் எண்ணிப் பார்க்கத் தோன்றியதே பெரிய செய்தி.

இந்தக் கூட்டத்தில் தமிழர்கள் ஓரத்தில் நின்றவர்கள் அல்ல. பழவேற்காட்டிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் துணிமூட்டையோடு வந்த இந்துச் செட்டிகளும் தமிழ் முஸ்லிம் மரைக்காயர்களும் அரண்மனை வரைக்கும் கை நீண்டவர்கள். 15ஆம் நூற்றாண்டின் நடுவில் அரியணை ஏறிய முசாபர் ஷாவின் தாய் தமிழ் முஸ்லிம் குடும்பத்துப் பெண். அவரை அரியணையில் ஏற்றியதும் அந்தத் தாய்வழி உறவுகள்தான். கடைசிச் சுல்தான் மஹ்மூத் ஷாவின் முதலமைச்சர், அதாவது பெண்டஹாரா, துன் முத்தாஹிரும் அதே வழியில் வந்தவர். செல்வாக்கு இருந்த இடத்தில் சூழ்ச்சியும் இருந்தது. மலாய் வரலாற்று ஏடு சொல்கிறபடி, நைனா சூர தேவானா என்ற பெருவணிகருக்கும் ராஜா முதலியார் என்ற ஷாபந்தருக்கும் ஒரு வழக்கு. முதலியாரிடம் கடன்பட்டிருந்த கித்தூல் என்பவன், எதிராளி பெண்டஹாராவுக்கு லஞ்சம் கொடுத்துவிட்டான் என்று அவர் காதில் ஓதினான். பயந்துபோன முதலியார் கடற்படைத் தலைவனுக்குப் பொருள் கொடுத்து, பெண்டஹாரா அரியணைக்கு ஆசைப்படுகிறார் என்று சுல்தானிடம் மூட்டச் செய்தார். விசாரணை ஏதும் இன்றி முத்தாஹிரும் அவர் குடும்பத்து ஆண்களும் கொல்லப்பட்டார்கள். அது 1510. போர்த்துகீசியக் கப்பல்கள் வர இன்னும் ஓராண்டே இருந்தது.

அவர்கள் முன்னோட்டம் பார்க்க 1509இலேயே வந்துவிட்டார்கள். சிலர் சிறைப்பட்டார்கள். சிறையில் இருந்தவர்களுக்கு மறைமுகமாக உதவியவர் நீனா சாத்து என்று அவர்களின் ஏடுகள் குறிக்கும் தமிழ்ச் செட்டி வணிகர். 1511இல் போர்த்துகீசியத் தளபதி அல்புகெர்க் ஏறத்தாழ 1,200 பேரோடு வந்து, ஆற்றுப் பாலத்துக்காக இருமுறை சண்டையிட்டு, ஆகஸ்ட் மாதத்தில் ஊரைப் பிடித்தார். சுல்தான் ஓடினார். நீனா சாத்து முஸ்லிம் அல்லாதவர்களுக்கான பெண்டஹாரா ஆக்கப்பட்டார். 1514இல் அந்தப் பதவி சுமத்ராவின் காம்பார் அரசருக்குப் போகிறது என்றானதும் அந்த அவமானம் பொறுக்காமல் சிதை அடுக்கித் தீக்குளித்தார் என்று போர்த்துகீசிய வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். அவரைத் துரோகி என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு அந்தச் சொல் பொருத்தமாகப் படவில்லை. அரசர் யாராக இருந்தாலும் துறைமுகம் நடக்க வேண்டும் என்று நினைத்த வணிகர் அவர். புதிய எஜமானர்கள் தன் போன்றவர்களை எவ்வளவு சீக்கிரம் கைவிடுவார்கள் என்பதுதான் அவர் கணக்கில் விட்டுப்போனது.

போர்த்துகீசியரின் கணக்கோ அடியோடு தப்பியது. மலாக்காவைப் பிடித்தால் நறுமணப் பொருள் வாணிபமே கைக்கு வந்துவிடும் என்று நினைத்தார்கள். பள்ளிவாசல்களையும் அரச கல்லறைகளையும் பெயர்த்த கல்லைக்கொண்டு ‘ஆ ஃபமோசா’ கோட்டையைக் கட்டினார்கள். ஆனால் வணிகர்கள் மலாக்காவுக்கு வந்தது மண்ணுக்காக இல்லை, நடைமுறைக்காக. நடைமுறை கெட்டதும் முஸ்லிம் வணிகர்கள் சுமத்ராவின் ஆச்சேக்கும் சாவகத்தின் பந்தனுக்கும் தெற்கே ஜொகூருக்கும் போய்விட்டார்கள். சுல்தானின் வாரிசுகள் ஜொகூரிலும் பேராவிலும் புதிய அரசுகளை நிறுவினார்கள். 130 ஆண்டுகள் போர்த்துகீசியர் அந்தக் கோட்டைக்குள் இருந்தார்கள். அதில் பெரும்பகுதி முற்றுகைகளைத் தாங்குவதிலேயே கழிந்தது.

அந்தக் காலத்தின் மிச்சமாக மேலே நிற்பது 1521இல் தொடங்கிய குன்றுத் தேவாலயம். இன்று கூரையில்லாத புனித பவுல் ஆலயம். முத்துக்குளித்துறையில் ஊழியம் செய்த சவேரியார் 1545இல் மயிலாப்பூரிலிருந்து கப்பலேறி வந்தது இங்கேதான். சீனக் கரையோரத்தில் அவர் இறந்த பிறகு, உடல் கோவாவுக்குப் போகும் வழியில் 1553இல் சில மாதங்கள் இந்த ஆலயத்தில்தான் புதைக்கப்பட்டிருந்தது. வெளியே அவருடைய சிலைக்கு வலக்கை இல்லை. 1950களில் சிலையை நிறுவிய புதிதில் மரம் விழுந்து முறிந்தது என்கிறார்கள். அவருடைய உண்மையான வலக்கையை 1614இல் வெட்டி ரோமுக்கு அனுப்பியிருந்தார்கள் என்பதால், இந்தத் தற்செயலை வழிகாட்டிகள் லேசில் விடுவதில்லை.

டச்சுக்காரர்கள் ஜொகூரோடு கூட்டுச் சேர்ந்து 1641 ஜனவரியில் ஊரைப் பிடித்தார்கள். ஆனால் அவர்களுக்கு ஏற்கெனவே பத்தாவியா, அதாவது இன்றைய ஜகார்த்தா, இருந்தது. மலாக்கா போட்டியாளர் கையில் போகாமல் இருந்தால் போதும், அது மறுபடி பெரிதாக வேண்டியதில்லை. எல்லாச் சுற்றுலா அட்டைகளிலும் இருக்கும் சிவப்புச் சதுக்கம் அவர்கள் கட்டியது: ஆளுநர் மாளிகையான ஸ்டாதூய்ஸ் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, பக்கத்துக் கிறிஸ்து ஆலயம் 1753இல் முடிந்தது. அந்தச் சிவப்பு மட்டும் அவர்களுடையது அல்ல. அவர்கள் காலத்தில் இவை வெள்ளைச் சுவர்கள். சிவப்பு ஆங்கிலேயர் காலத்துப் பூச்சு. ஸ்டாதூய்ஸ் இப்போது அருங்காட்சியகம். நேரமிருந்தால் பார்க்கலாம். சதுக்கத்தில் ‘ஹலோ கிட்டி’ பொம்மைகளைச் சுமந்தபடி பாட்டை அலறவிடும் மூன்று சக்கர வண்டிகளைத் தவிர்க்க விரும்பினாலும் முடியாது.

ஆங்கிலேயர்கள் 1795இல் வந்தார்கள். ஐரோப்பியப் போர் முடிந்ததும் ஊரை டச்சுக்காரரிடம் திருப்பித்தர வேண்டியிருக்கும் என்பதால், அதற்குள் கோட்டையைத் தகர்த்துவிட முடிவுசெய்து 1807இல் வெடிவைத்தார்கள். யானை அளவும் வீட்டளவும் பெரிய கற்கள் வானில் பறந்து கடலில் விழுந்ததைச் சிறுவனாகப் பார்த்தவர் முன்ஷி அப்துல்லா, நவீன மலாய் இலக்கியத்தின் தந்தை. அவருடைய முப்பாட்டன் ஏமனிலிருந்து நாகூருக்கு வந்து அங்கே மணம் முடித்தவர். மலாக்காவின் வசதியான குடும்பத்துப் பிள்ளைகள் தமிழ் படிப்பது முன்னோர் காலத்து வழக்கம், கணக்கு வழக்குக்கும் வணிகர்களோடு பேசவும் அது வேண்டியிருந்தது என்று தன் வாழ்க்கைக் கதையில் எழுதுகிறார். அப்படியே தானும் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பப்பட்டதாகவும் சொல்கிறார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்கூட மலாக்காவில் தமிழ் கடைத்தெரு மொழியாக இருந்தது என்பதற்கு இது நேரடிச் சான்று.

கோட்டையில் தப்பியது ஒரே ஒரு வாசல், போர்ட்டா டி சாண்டியாகோ. அதையும் மொத்த ஊரையும் கைவிடாமல் வைத்துக்கொள்ள வாதாடியவர் ஆங்கிலக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ். போர்த்துகீசியர் நினைவாக எல்லோரும் படமெடுக்கும் அந்த வாசலின் நெற்றியில் இருப்பது டச்சுக் கம்பெனியின் சின்னமும் 1670 என்ற ஆண்டும். வாசலைக் காப்பாற்றிய அதே ராஃபிள்ஸ் 1819இல் சிங்கப்பூரைத் தொடங்கியதும் மலாக்காவின் எஞ்சிய வாணிபமும் அங்கே போய்ச் சேர்ந்தது. 1824 ஒப்பந்தத்தில் சுமத்ராவிலிருந்த பென்கூலனைக் கொடுத்து ஆங்கிலேயர்கள் மலாக்காவை நிரந்தரமாக வாங்கினார்கள். அதற்குள் ஆற்றுமுகம் வண்டல் ஏறித் தூர்ந்துகொண்டிருந்தது. பிறகு நீராவிக் கப்பல் வந்தது. காற்றுக்காக யாரும் எங்கும் நிற்கவேண்டியதே இல்லாமல் போனது.

பழைய ஊர் இன்று பார்க்கக் கிடைப்பதற்கு இந்தத் தேக்கம்தான் காரணம் என்பது என் எண்ணம். செழித்த துறைமுகம் தன் பழைய தெருக்களை இடித்து இடித்துக் கட்டிக்கொண்டே இருக்கும். மலாக்காவில் இடித்துக் கட்டப் பணமும் இல்லை, தேவையும் இல்லை. 2008 ஜூலையில் பினாங்கின் ஜார்ஜ் டவுனோடு சேர்ந்து உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பிறகுதான் நெருக்கடி மறுபடி தொடங்கியது. ஒரு காலத்தில் கோட்டைக்கு அடியில் அலை அடித்தது. இப்போது கடலைத் தூர்த்து எழுப்பிய வணிக வளாகங்களைத் தாண்டித்தான் கடலைப் பார்க்கவேண்டும். 2006இல் 110 மீட்டர் சுழலும் கோபுரம் ஒன்றுக்கு ஆற்றங்கரையில் அடித்தளம் தோண்டினார்கள். உள்ளே பழைய கோட்டையின் மிடில்பர்க் கொத்தளம் தென்பட்டது. கோபுரம் வேறிடத்துக்குப் போனது, கொத்தளம் மறுபடி கட்டி எழுப்பப்பட்டது. இப்படி நல்லபடியாக முடிந்தவை குறைவு.

ஆற்றைக் கடந்து மறுகரைக்குப் போனால்தான் அந்த ஷாபந்தர் காலத்து ஊர் கண்ணுக்குப் படும். ஜாலான் துக்காங் எமாஸ் என்ற தெருவையும் அதன் தொடர்ச்சியையும் பத்து நிமிடத்தில் நடந்துவிடலாம். முதலில் ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி கோயில்: 1781இல் டச்சு அரசு செட்டி சமூகத்துக்குக் கொடுத்த நிலத்தில் எழுந்தது, மலேசியாவின் மிகப் பழைய இந்துக் கோயில்களில் ஒன்று. பெரிய கோபுரத்தை எதிர்பார்த்துப் போகிறவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். தெருவோடு தெருவாக அடக்கமான முகப்பு. நிர்வாகம் இப்போது நாட்டுக்கோட்டை நகரத்தார் கையில். மாசி மகத்தன்று இங்கிருந்து ரதம் புறப்பட்டு செங் என்ற ஊரிலுள்ள சன்னாசிமலை ஆண்டவர் கோயிலுக்குப் போகும். சில அடி தள்ளி கம்போங் கிலிங் பள்ளிவாசல், 1748இல் தமிழ் முஸ்லிம் வணிகர்கள் எழுப்பியது. குவிமாடம் கிடையாது. சுமத்ரா பாணியில் அடுக்கடுக்கான கூரை, சீனப் பகோடாவைப் போல ஒரு மினாரா, உள்ளே ஐரோப்பியத் தூண்கள். கட்டியவர்கள் ஒற்றுமையைப் பறைசாற்ற இப்படிக் கட்டினார்கள் என்று நான் நம்பவில்லை. ஊரில் கிடைத்த கொத்தனும் தச்சனும் அப்படிப்பட்டவர்கள், அவ்வளவுதான். அதற்கும் அப்பால் 17ஆம் நூற்றாண்டின் செங் ஹூன் தெங் சீனக் கோயில். சுற்றுலாத் துறை இதற்கு ‘நல்லிணக்கத் தெரு’ என்று பெயர் சூட்டியிருக்கிறது. நான்கு ஷாபந்தர்கள் வைத்து நடத்திய ஊரின் வரைபடம் என்றாலே போதும்.

அந்த வணிகர்களில் ஊர் திரும்பாதவர்களின் வழிவந்தவர்கள் கம்போங் செட்டியில், காஜா பெராங் பகுதியில் இருக்கிறார்கள். மலாக்கா செட்டிகள் என்று பெயர். நகரத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. நகரத்தார் வந்தது வெகுகாலம் பின்னால். வந்த வணிகர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்தார்கள். வீட்டு மொழி மலாய் ஆனது, தமிழ் உதிர்ந்தது, பெண்கள் சாரோங்கும் கெபாயாவும் உடுத்தினார்கள். சாமி மட்டும் மாறவில்லை. முத்து மாரியம்மன் கோயில் 1822இலிருந்து நிற்கிறது. பிள்ளை, செட்டி, நாயக்கர் என்ற பட்டங்கள் இன்னமும் பெயரோடு ஒட்டியிருக்கின்றன. பொங்கலுக்கு முந்தின நாள் ‘போகி பார்ச்சு’ என்று முன்னோருக்கு வாழையிலையில் படைக்கிறார்கள். இலையில் தேங்காய்ப்பால் சோறும் சம்பலும் இருக்கும், முன்னோரை மலாயில்தான் கூப்பிடுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்கள் இதைப் பார்த்து “தமிழே தெரியாதா!” என்று வருத்தப்படுவதுண்டு. மொழியைத் தொலைத்து வழிபாட்டை இத்தனை நூற்றாண்டு காத்த கூட்டம் நம்மிடையே வேறு எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பார்த்தால் அந்த வருத்தம் கொஞ்சம் குறையும். எண்ணிக்கையில் சிறிய சமூகம். சுற்றிலும் உயரும் கட்டடங்களால் கிராமம் நெருக்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. அவர்களே நடத்தும் சிறு அருங்காட்சியகம் ஒன்று அங்கே உண்டு.

சீனத் தரப்பில் இதே போன்ற கலப்பு பாபா நியோன்யா. அவர்களுடைய நீண்ட, குறுகிய வீடுகளில் ஒன்று ஜாலான் துன் தான் செங் லோக்கில் அருங்காட்சியகமாக இருக்கிறது. உள்ளே முற்றம் வைத்த அமைப்பைப் பார்த்தால் காரைக்குடிக்காரர்களுக்கு நடை தளர்ந்துவிடும். போர்த்துகீசியக் கலப்பு வம்சத்தினர் உஜோங் பாசிரில் கடலோரக் குடியிருப்பில் வாழ்கிறார்கள். கிறிஸ்தாங் என்ற மொழியை மூத்தவர்கள் இன்னும் பேசுகிறார்கள், ஜூன் கடைசியில் புனித பேதுரு திருவிழா நடக்கும். புக்கிட் சீனா 12,000க்கு மேற்பட்ட கல்லறைகள் கொண்ட குன்று. 1980களில் அதை மட்டமாக்க எழுந்த திட்டத்தை மக்கள் எதிர்த்து நிறுத்தினார்கள். சுல்தானுக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்ட சீன இளவரசி ஹங் லி போவின் கிணறு அடிவாரத்தில் இருக்கிறது. அப்படி ஓர் இளவரசியைச் சீன ஆவணங்கள் அறியவில்லை. கிணறு உண்மையானது.

கோலாலம்பூரிலிருந்து பேருந்தில் சுமார் இரண்டு மணி நேரம். இறங்குமிடமான மலாக்கா சென்ட்ரல் பழைய ஊருக்கு வெளியே இருப்பதால் அங்கிருந்து இன்னொரு வண்டி பிடிக்கவேண்டும். வெள்ளி முதல் ஞாயிறு வரை ஜோங்கர் வீதியில் இரவுச் சந்தை. கூட்டம் பிடித்தவர்கள் அப்போது போகலாம், தெருவைப் பார்க்க நினைப்பவர்கள் வார நாளில் போவது மேல். பலரும் காலையில் வந்து மாலையில் திரும்பிவிடுகிறார்கள். ஓர் இரவாவது தங்குங்கள். விடியலில் கோயிலும் பள்ளிவாசலும் திறக்கும் நேரத்தில் ஆற்றின் மறுகரையை நடந்து முடித்துவிட்டு, வெயில் ஏறுமுன் குன்றில் ஏறி இறங்கிவிடலாம். மதியத்துக்கு அசாம் பெடாஸ் மீன் குழம்பு. புளி தூக்கலாக இருப்பதால் நம் நாக்குக்கு உடனே பிடிபடும். அதன்பிறகு குலா மலாக்கா, அதாவது தென்னைவெல்லப் பாகு ஊற்றிய செண்டோல் என்ற குளிர் இனிப்பு.